பிடி நுரைத்தால், வெடித்தால், சுழன்றால்: கடலோரப் பட்டறைக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் பட்டறை. மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் வேலை செய்துவந்த இடம். சில ஆண்டுகளாக அதே கூரைக்கு அடியில் உள்ளரங்க ஏறுசுவர்களுக்கான பிடிகளையும் வார்க்கிறோம். ஏறுகிறவர்கள் ஹோல்டு என்று சொல்வது இதைத்தான். பிடியின் வடிவில் செதுக்கிய மூலத்தின்மேல் சிலிக்கான் ஊற்றி அச்சு எடுத்து, அந்த அச்சில் பாலியூரித்தேன் ரெசினை வார்த்தால் பிடி. பாலியால், ஐசோசயனேட் என்ற இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகுவதுதான் இந்த ரெசின். இப்போது மூலத்தைச் செதுக்காமல் முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுப்பவர்களும், பழைய பிளாஸ்டிக்கை உருக்கிப் பிடி செய்பவர்களும் வந்துவிட்டார்கள்.

புதுச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் இந்த வேலையைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் தொலைபேசியில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே. அதனால்தான் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் பிடியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

எதற்கும் முன் ஒன்று. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வார்ப்பவர்களுக்கு வரும் பிழைகளில் பெரும்பாலானவை தண்ணீரால் வருபவை. ரெசினை மாற்றுவதற்கு முன், விற்றவரோடு சண்டைக்குப் போவதற்கு முன், ஈரத்தைத் தேடுங்கள். இன்னொன்று, சந்தேகப்பட்ட பிடி எதுவும் சுவருக்குப் போகக் கூடாது. நான்கு மீட்டர் உயரத்தில் ஒரு பத்து வயதுப் பிள்ளை முழு எடையையும் அதில்தான் தொங்கவிடப் போகிறாள்.

## ஊற்றிய ரெசின் நுரைத்துப் பொங்குகிறது

ஆப்பமாவு போல எழும்பி அச்சின் வாயைத் தாண்டி வழிந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் வெளியே வழியாமல் உள்ளுக்குள் மட்டும் நுரைத்த பிடிதான் ஆபத்தானது. மேல்தோல் அழகாக இருக்கும், உள்ளே ரஸ்க் போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி தராசு. ஒவ்வோர் அச்சின் முதுகிலும், அதில் வந்த முதல் நல்ல பிடியின் எடையை அழியாத மையால் எழுதி வையுங்கள். பிறகு வரும் பிடி இருபதில் ஒரு பங்கு குறைந்தாலும் அறுத்துப் பாருங்கள். ஒரு பிடியை இழப்பது பெரிய நட்டமில்லை.

ஐசோசயனேட் தண்ணீரைத் தொட்டால் கரியமில வாயு வரும், அதுதான் நுரை. தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பதைக் கண்டுபிடிக்க நான்கு கோப்பைச் சோதனை செய்யுங்கள். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

புதிய பிளாஸ்டிக் கோப்பைகள் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கோப்பையில் இரண்டு திரவங்கள் மட்டும், மொத்தம் 100 கிராம். இரண்டாவதில் அவற்றோடு நிறம். மூன்றாவதில் நிறமும், நீங்கள் வழக்கமாகக் கலக்கும் பொடியும். நான்காவது கலவையைக் கோப்பையில் விடாமல் உங்கள் அச்சிலேயே ஊற்றுங்கள். நான்கும் இறுகியதும் ஹேக்சா பிளேடால் குறுக்கே அறுங்கள்.

### அச்சில் ஊற்றியது மட்டும் நுரைத்திருந்தால்

மலிவான காரணம். அச்சு ஈரமாக இருக்கிறது. அறுத்த முகத்தில் வெளித்தோலை ஒட்டிய சில மில்லிமீட்டர் மட்டும் துளைகளாகவும், நடு கெட்டியாகவும் இருந்தால் உறுதி. சோப்பு நீரில் கழுவிய அச்சை வெயிலில் வைத்தால் போதும் என்று நினைக்கிறோம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அந்த வெயிலே கிடையாது. மின் ஓவனில் 60 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, ஆறியதும் உடனே ஊற்றுங்கள். பிடி அச்சில் ஒட்டாமலிருக்க ரிலீஸ் திரவம் தெளித்திருந்தால் அதன் ஈரம் முழுவதும் ஆவியாகும் வரை காத்திருங்கள்.

### மூன்றாவது கோப்பையிலிருந்து நுரைத்தால்

பொடிதான் காரணம். கால்சியம் கார்பனேட் பொடியோ, கண்ணாடி நுண்கோளமோ, உடைத்து அரைத்த பழைய பிடித்தூளோ எதுவானாலும் மூட்டை திறந்த நாளிலிருந்து காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். தட்டில் மெல்லியதாகப் பரப்பி 110 டிகிரியில் மூன்று மணி நேரம் காயவைத்து, சூடாக இருக்கும்போதே ரப்பர் விளிம்புள்ள டப்பாவில் அடையுங்கள். பழைய பிடித்தூளை மட்டும் 80 டிகிரிக்கு மேல் ஏற்றாமல் கூடுதல் நேரம் விடுங்கள். சாக்கை அப்படியே மூலையில் சாய்த்து வைக்கும் பழக்கத்தை ஃபைபர் படகு வேலையிலிருந்துதான் நாங்கள் கொண்டுவந்தோம். பாலியெஸ்டர் ரெசின் அதைப் பொறுத்துக்கொள்ளும். பாலியூரித்தேன் பொறுக்காது.

### இரண்டாவது கோப்பையிலிருந்து நுரைத்தால்

நிறத்தைப் பாருங்கள். வண்ணக் கடையில் சின்னப் பாட்டிலில் கிடைக்கும் ஸ்டெய்னர் சுவர் பெயிண்டுக்கானது, அதைப் பிடிக்குப் போடக் கூடாது. பாலியாலில் அரைத்த நிறக்குழம்பைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு துளி போதும்.

### முதல் கோப்பையே நுரைத்தால்

இங்கே பொறுமை வேண்டும். முதலில் கையைப் பாருங்கள். காகிதக் கோப்பை, ஐஸ்கிரீம் குச்சி, வியர்வை சொட்டும் நெற்றி இவை மூன்றும் தண்ணீர் கொடுப்பவை. பிளாஸ்டிக் கோப்பை, எவர்சில்வர் கரண்டி என்று மாற்றி மறுபடி செய்யுங்கள்.

அடுத்து அறை. மலிவான ஈரமானியானாலும் சரி, ஒன்றைச் சுவரில் மாட்டுங்கள். 60 சதவீதத்தைத் தாண்டினால் நாங்கள் வார்ப்பதில்லை. கடலூரில் திறந்த கொட்டகையில் அந்த அளவுக்குக் கீழே இறங்கும் நாட்கள் மிகக் குறைவு. அதனால் பட்டறைக்குள் பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றைத் தடுத்து ஏசி போட்டோம், புகையை வெளியே இழுக்க ஒரு விசிறியும் வைத்தோம். எங்கள் செலவுகளிலேயே மிக நல்ல செலவு அதுதான். கேனைத் திறப்பது, நிறுப்பது, கலப்பது, ஊற்றுவது எல்லாம் அந்த அறைக்குள்தான் நடக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் நுரைத்தால் கேனுக்குள் தண்ணீர் போய்விட்டது. பாலியால் அமைதியாகத் தண்ணீரைக் குடிக்கும், பார்வைக்கு எதுவும் தெரியாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது அங்கே ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது. எங்கள் பட்டறைக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் பாதி தீர்ந்த பாலியால் டிரம்மின் மூடி சரியாகத் திருகப்படாமல் இருந்தது. மூன்று வாரம் கழித்து வார்த்த பிடி அத்தனையும் நுரை. டிரம் நனையவில்லை, காற்றே போதுமானதாக இருந்தது. அதன்பிறகு பெரிய டிரம்மிலிருந்து ஐந்து லிட்டர் கேன்களுக்கு மாற்றி, கழுத்து வரை நிரப்பி மூடுகிறோம். கேனில் திறந்த தேதியை எழுதுகிறோம்.

லேசான ஈரம் என்றால் ஈரம் உறிஞ்சும் சியோலைட் பொடியை ரெசின் விற்பவர் சொல்லும் அளவில் பாலியாலில் கலந்து ஒரு நாள் விட்டு, மறுபடி முதல் கோப்பைச் சோதனை செய்யுங்கள். அப்போதும் நுரைத்தால் அந்தக் கேனைப் பிடிக்குப் பயன்படுத்தாதீர்கள். முழு டிரம் என்றால் வெற்றிடத்தில் சூடாக்கி நீர் அகற்றும் வசதி ரெசின் தயாரிப்பாளர்களிடம் இருக்கும். அதை அடுப்பில் வைத்து வீட்டில் முயலவே கூடாது.

ஐசோசயனேட் கேனில் மட்டும் கவனம். மூடியின் உட்புறம் வெள்ளைப் பொருக்கு, மேலே பாலாடை போன்ற தோல், உப்பிய கேன் இவற்றில் எதைப் பார்த்தாலும் மூடியை இறுக்கித் திருகாதீர்கள். உள்ளே வாயு உருவாகிக்கொண்டிருக்கும், அடைத்து வைத்த கேன் வெடிக்கலாம். ஏற்கெனவே உப்பியிருந்தால் தொடாமல் விலகி நில்லுங்கள். மூடி திறந்தே இருந்தால் தளர்வாக விட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத காற்றோட்டமான நிழலில் விடுங்கள். இரண்டிலும் விற்றவரை அழையுங்கள். இது நம் கையால் முடிக்கும் வேலை இல்லை.

## மேற்பரப்பில் ஊசித்துளைகள், அல்லது பருக்கள்

இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். துளை என்றால் ரெசினில் காற்று. பரு என்றால் அச்சில் காற்று.

துளைக்கு முதல் மருந்து கை. வேகமாக அடித்துக் கலக்காதீர்கள், உயரத்திலிருந்து நூலாக ஊற்றுங்கள், அச்சின் தாழ்வான ஒரே மூலையில் விட்டு ரெசினைத் தானாக ஏறவிடுங்கள். ஊற்றுவதற்கு முன் கொஞ்சம் ரெசினைத் தூரிகையால் அச்சின் மூலைமுடுக்குகளில் தடவுங்கள். ஜக் வகைப் பிடிகளின் (விரல்கள் முழுவதும் உள்ளே போகும் ஆழமான பிடிகள்) உதட்டுக்கு அடியில்தான் காற்று சிக்கும். அச்சை அந்தப் பக்கம் சாய்த்து வைத்து வார்த்தாலே பாதி போகும்.

அதற்கும் அடங்காவிட்டால் அழுத்தக் கலம். ஊற்றிய அச்சை உள்ளே வைத்து 40 முதல் 60 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இறுகவிட்டால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும். பெயிண்ட் டப்பாவையோ, பழைய கேஸ் உருளையையோ அறுத்துக் கலம் செய்யாதீர்கள். அழுத்தம் குறித்த முத்திரையும் பாதுகாப்பு வால்வும் உள்ள கலத்தை மட்டும் வாங்குங்கள். மூடி கசிந்தாலோ பூட்டு வளைந்தாலோ அது அழுத்தக் கலம் செய்பவரிடம் போக வேண்டும், வெல்டிங் பட்டறைக்கு அல்ல.

பருக்கள் பெரும்பாலும் அழுத்தக் கலம் வாங்கிய மறுநாளே தொடங்கும். அச்சு எடுத்தபோது சிலிக்கானுக்குள் தங்கிய குமிழிகள் அழுத்தத்தில் உள்வாங்கும், அந்தக் குழிக்குள் ரெசின் போய்ப் பருவாக இறுகும். ஏறுகிறவரின் விரல்தோலைக் கிழிப்பது இதுதான். அந்த அச்சைச் சரிசெய்ய முடியாது. அடுத்த அச்சுக்குச் சிலிக்கானை வெற்றிடக் கலத்தில் வையுங்கள். அது மூன்று நான்கு மடங்கு உப்பிப் பிறகு விழும், அதனால் பாத்திரத்தில் முக்கால் பங்கு காலியாக விடுங்கள். அல்லது அச்சையே, வார்க்கும் அதே அழுத்தத்தில் இறுகவையுங்கள்.

## இறுகவில்லை, பிசுபிசுக்கிறது

பிடி முழுவதுமா, அங்கங்கே திட்டாகவா?

திட்டாக என்றால் கலவை போதவில்லை. கோப்பையின் சுவரையும் அடியையும் வழித்துக் கலக்கவில்லை. ஒரு கோப்பையில் கலந்ததை இரண்டாவது சுத்தமான கோப்பைக்கு மாற்றி மறுபடி கலந்து ஊற்றுங்கள். முதல் கோப்பையின் சுவரை வழித்து அச்சில் விடாதீர்கள்.

முழுவதும் என்றால் அளவு தவறு. உங்கள் ரெசின் எடைக் கணக்கா, கொள்ளளவுக் கணக்கா என்று தகவல் தாளில் பாருங்கள். கேனில் உள்ள ஏ, பி எழுத்துகளை நம்பாதீர்கள். ஒரு தயாரிப்பாளர் ஏ என்பதை இன்னொருவர் பி என்கிறார். காய்கறித் தராசு 5 கிராம் தாவும், ஒரு கிராம் காட்டும் தராசு வேண்டும்.

தொடும் தோல் மட்டும் ஒட்டுகிறது, உள்ளே கல் போல இருக்கிறது என்றால் அச்சைச் சந்தேகியுங்கள். தகர (டின்) வினையூக்கியால் இறுகும் தகர வகைச் சிலிக்கான் இறுகும்போது ஆல்கஹால் வெளிவிடும். புதிய அச்சில் அது தங்கியிருந்தால் பாலியூரித்தேன் தோல் இறுகாது. அச்சை 65 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பிசுபிசுத்த பிடியை வெயிலில் வைத்து "காயவைத்து" விற்க நினைக்காதீர்கள். அளவு தவறிய பிடி ஒருநாளும் முழு வலிமைக்கு வராது.

## முப்பரிமாண மூலத்தின்மேல் சிலிக்கான் இறுகவில்லை

கணினியில் வடிவமைத்து அச்சுப்பொறியில் எடுத்த மூலத்தில் ஒரு மில்லிமீட்டரைக் கூடத் திருத்த முடிகிறது. அதே பிடியின் இடக்கை, வலக்கை வடிவங்கள் ஒரே நாளில் வருகின்றன. இந்த முறை வந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் முதல் முறை முயல்பவர்களில் பலர் சிலிக்கானை வீணாக்கித்தான் கற்கிறார்கள்.

அறிகுறி தெளிவானது. சிலிக்கான் வெளியே இறுகியிருக்கும், மூலத்தைத் தொட்ட இடம் மட்டும் தேன் போல வழியும்.

உங்கள் சிலிக்கான் பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் வகையா? மூலம் ஒளியில் இறுகும் ரெசினில் எடுத்ததா? இரண்டுக்கும் ஆம் என்றால் காரணம் அதுதான். அந்த ரெசினில் இறுகாமல் மிஞ்சியது பிளாட்டினத்தின் வேலையைக் கெடுக்கும். கந்தகம் உள்ள களிமண், தகர வகைச் சிலிக்கானின் எச்சம், லேடெக்ஸ் கையுறை இவையும் அதையே செய்யும். நைட்ரைல் கையுறைக்கு மாறுங்கள்.

மூலத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நன்றாகக் கழுவி, புற ஊதா விளக்கில் கூடுதல் நேரம் வைத்து, அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு பூச்சு பூசுங்கள். பிறகு முழு மூலத்தில் ஊற்றாமல், பின்புறத்தில் ஒரு துளி சிலிக்கானை வைத்து மறுநாள் பாருங்கள். துளி இறுகினால் ஊற்றலாம். இறுகாவிட்டால் தகர வகைச் சிலிக்கானுக்கு மாறுவதே மலிவு. அந்த அச்சின் ஆயுள் குறைவு, ஆனால் இந்தப் பிழை அதில் அரிது.

இழையால் அடுக்கடுக்காக எடுத்த மூலத்தில் இந்தத் தொல்லை அரிது. அதில் தெரியும் கோடுகளைத் தேய்த்து, மணலும் பசையும் பூசிச் சொரசொரப்பு கொடுக்கலாம்.

## விரிசல், வளைந்த பின்புறம்

### பின்புறம் குழிந்தோ வளைந்தோ இருக்கிறது

நேர்க்கோல் வைத்துப் பாருங்கள். நடுவில் குழிவு இருந்து விளிம்பு முழுவதும் சமமாகச் சுவரைத் தொட்டால் பயமில்லை. எதிரெதிர் மூலைகளில் ஆடினால் அதைச் சுவரில் இறுக்கும்போது விரிசல் விடும். பெல்ட் சாண்டரில் தேய்த்துச் சமப்படுத்தலாம். தூசி முகமூடி கட்டாயம்.

ஒரே அச்சு திரும்பத் திரும்ப வளைந்த பிடியைக் கொடுத்தால் காரணம் சூடு. கனமான பிடி தன் வெப்பத்திலேயே வெந்து, ஆறும்போது சுருங்குகிறது. சித்திரை வெயிலில் ரெசின் கேன் வெளியே கிடந்தால் ஊற்றுவதற்குள்ளேயே கோப்பையில் கட்டியாகிவிடும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் இறுகும் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் என்பதை மனதில் வையுங்கள். கேன்களை ஏசி அறையில் வையுங்கள். அச்சிலிருந்து அவசரமாக எடுக்காதீர்கள், இரவு முழுவதும் விடுங்கள். அதன்பிறகும் வளைந்தால் மெதுவாக இறுகும் ரெசினை வாங்குங்கள். கடைசியாக, பின்புறத்தைக் குடைந்து உள்ளீடற்றதாக அச்சை மறுபடி எடுங்கள். செலவு கூடுதல், ஆனால் ஒவ்வொரு பிடியிலும் ரெசின் மிச்சமாகிறது, எடை குறைகிறது, வெப்பமும் தங்குவதில்லை. பெரிய பிடிகளை இன்று பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இப்படித்தான் செய்கிறார்கள்.

### போல்ட் துளையைச் சுற்றி விரிசல்

இதைப் படிக்கும்போதே அந்தப் பிடியைக் கழற்றிவிடுங்கள், பிறகு மீதியைப் படியுங்கள்.

முதலில் போல்ட் தலை. தலை தட்டையான அடி உடையதா, புனல் போலச் சரிந்ததா? தட்டை இருக்கைக்குள் சரிவுத் தலையைப் போட்டால் அது ஆப்பு போலப் பிடியைப் பிளக்கும். அடுத்து, உள்ளே எஃகு வாஷர் புதைந்திருக்கிறதா என்று பாருங்கள். வார்க்கும்போது வாஷர் சாய்ந்து போயிருந்தால் ஒரு பக்கமாக அழுத்தம் விழும். மூன்றாவது, இறுக்கிய ஆளைக் கேளுங்கள். இம்பாக்ட் டிரைவரை முழு வேகத்தில் வைத்து இறுக்கினால் நல்ல பிடியும் உடையும். முதல் சுற்றுகளுக்கு மட்டும் இயந்திரம், கடைசிச் சுற்று கையால்.

வார்த்து ஒரு வாரம் ஆகாத பிடியைச் சுவரில் ஏற்றினீர்களா? பல ரெசின்களுக்கு முழு வலிமை வர ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். அச்சிலிருந்து வெளியே வந்ததால் அது தயாராகிவிட்டதாகப் பொருளில்லை.

விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டால் படகுக்காரர் முறை. பிடியை நூலில் தொங்கவிட்டு நாணயத்தால் தட்டுங்கள். நல்ல பிடி கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது பானை உடைந்த ஓசை தரும். ஃபைபரில் செய்த பெரிய பிடிகளான மேக்ரோக்களுக்கும் இதே சோதனைதான். அடுக்கு பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும்.

விரிசலைப் பசை ஊற்றி அடைக்கக் கூடாது. உடைந்த பிடி அரைத்தூளாகப் போகட்டும்.

ஒரே ஊற்றில் வந்த பிடிகளில் இரண்டோ அதற்கு மேலோ விரிசல் விட்டால், அந்த நாள் வார்த்த எல்லாவற்றையும் சுவரிலிருந்து இறக்குங்கள். அதற்காகவே வார்த்த தேதியைப் பின்புறத்தில் பொறிக்க வேண்டும். சில மாதிரிகளைப் பிளாஸ்டிக் சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள். சென்னை கிண்டியில் உள்ள சிப்பெட் போன்ற இடங்களில் கடினத்தையும் இழுவிசையையும் அளப்பார்கள். பிடிகளுக்கென்று ஐரோப்பியத் தரம் ஈ.என். 12572-3 இருக்கிறது. வெளியூருக்கு விற்பவர்கள் அதன்படி சோதித்த சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

## பிடி சுவரில் சுழல்கிறது

புதுச்சேரிச் சுவர் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒரு சனிக்கிழமை மாலை அழைத்தார். "அண்ணா, நீங்கள் அனுப்பிய பிடி ஐந்தும் சுற்றுகின்றன. ரெசின் வழுக்குகிறதா?" என்று கேட்டார். பின்புறத்தைத் துடைத்து மறுபடி மாட்டச் சொன்னேன். மூன்று நின்றுவிட்டன. அவற்றுக்கு அடியில், ஏறுகிறவர்கள் கையில் பூசும் வெள்ளைப் பொடி (சாக்) படிந்திருந்தது.

மீதி இரண்டில் கோளாறு போல்ட்டில். பிளைவுட்டின் பின்னால் பதித்திருக்கும் டி-நட் என்ற மறை எம்10 (10 மில்லிமீட்டர்), போல்ட் எட்டில் மூன்று அங்குலம். அந்த அங்குலப் போல்ட்டின் தடிமன் 9.5 மில்லிமீட்டர், புரி இடைவெளியும் வேறு. நான்கு சுற்று வரை தளர்வாக உள்ளே போகும், இறுகியது போல நிற்கும், எடை விழுந்ததும் நழுவும். பழைய இரும்புக் கடைப் பெட்டியில் இரண்டும் கலந்து கிடக்கும். ஒரு சுவருக்கு ஒரே அளவு என்று முடிவு செய்து, மற்றதைக் கட்டடத்துக்குள்ளேயே விடாதீர்கள்.

போல்ட் சரி, பின்புறம் சுத்தம், அப்போதும் சுழன்றால் நீளத்தைப் பாருங்கள். போல்ட் டி-நட்டின் புரி முழுவதையும் கடந்து வெளியே வர வேண்டும். மிக நீளமானது பின்னால் சட்டத்தில் முட்டி டி-நட்டையே பிடுங்கிவிடும். நீளமான பிடிகளுக்கும் ஒற்றைப் போல்ட்டில் நிற்கும் ஸ்லோப்பர்களுக்கும் (விளிம்பில்லாத, சரிவான உருண்டைப் பிடிகள்) ஓரத்தில் ஒரு மர ஸ்க்ரூ கட்டாயம், வார்க்கும்போதே அதற்குத் துளை விடுங்கள்.

போல்ட்டோடு டி-நட்டும் சேர்ந்து சுற்றினால் அதன் பற்கள் பிளைவுட்டில் பிடியிழந்துவிட்டன. பின்னால் போக வழியிருந்தால், ஸ்க்ரூவால் பொருத்தும் டி-நட்டாக மாற்றலாம். துருப்பிடித்து அசையாவிட்டால் துருநீக்கி எண்ணெய் விட்டு இரவு முழுவதும் விடுங்கள். கடற்காற்று சுவரின் பின்புறம் நுழைந்தால் துரு நிச்சயம், அந்தத் திறப்பை அடையுங்கள்.

பிளைவுட் உப்பியிருக்கிறதா, அடுக்கு பிரிந்திருக்கிறதா, சட்டத்தின் இணைப்புகளில் துரு வழிகிறதா? அங்கே நம் வேலை முடிந்தது. அந்தப் பலகையில் யாரையும் ஏறவிடாமல், சுவர் கட்டியவரையோ கட்டமைப்புப் பொறியாளரையோ அழையுங்கள்.

## வழுக்குகிறது, மஞ்சளாகிறது

வழுக்கினால் முதலில் கழுவுங்கள். வெதுவெதுப்பான சோப்பு நீரும் நைலான் தூரிகையும் போதும், கம்பித் தூரிகை சொரசொரப்பைத் தின்றுவிடும். புதிதாக வார்த்ததே வழுக்கினால் அச்சு தேய்ந்துவிட்டது. சிலிக்கான் விறைத்து, ஓரங்கள் கிழிந்து, பிடியை வெளியே எடுக்க மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் அச்சுக்கு ஓய்வு கொடுங்கள்.

வெள்ளையும் வெளிர்நிறங்களும் மஞ்சளாவது பெரும்பாலும் சூரிய ஒளியால். வழக்கமான பாலியூரித்தேனின் இயல்பு அது, அதனால் மட்டும் வலிமை போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். சன்னலோரச் சுவருக்கு அடர் நிறம் தேர்ந்தெடுங்கள்.

## வார்க்காமல் செய்த பிடிகள்

அச்சுப்பொறியில் எடுத்ததையே நேராகச் சுவரில் மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். அடுக்குகளின் இடையே பிளவுக்கோடு தெரிந்தால் உடனே கழற்றுங்கள். அது எச்சரிக்காமல் பிரியும். அச்சுப்பொறிகளில் பரவலாகப் போடும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழை 60 டிகிரி அளவிலேயே இளகும், மே மாதத்தில் மூடிய காருக்குள் வைத்தாலே உருமாறும். கால் வைக்கும் சின்னப் பிடிகளுக்கு மேல் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய எச்.டி.பி.ஈ. மூடிகளையும் கேன்களையும் உருக்கி அழுத்தி எடுக்கும் பிடி உறுதியானது, சில்லு தெறிக்காது. அதன் தொல்லை சுருக்கம். ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை முதல் மூன்று வரை சுருங்கி முறுக்கிக்கொள்ளும். அழுத்தத்தை எடுக்காமலே ஆறவிடுங்கள். உள்ளே வேறு பிளாஸ்டிக் கலந்திருந்தால் அறுத்த முகத்தில் ஏடு ஏடாகப் பிரியும், அப்படிப்பட்டதை ஒதுக்குங்கள். இதில் பசையும் பெயிண்டும் ஒட்டாது, எனவே சொரசொரப்பு அச்சிலேயே இருக்க வேண்டும்.

## பட்டறையில் இருமல், நெஞ்சு இறுக்கம்

பிடிக்குப் பிழை வந்தால் அறுத்துப் பார்க்கலாம். இதை அப்படிப் பார்க்க முடியாது. வார்த்த அன்று மாலையோ இரவோ வறட்டு இருமல், மூச்சில் விசில் சத்தம், நெஞ்சு இறுக்கம் வருகிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதில்லை என்றால் ஐசோசயனேட்டைச் சந்தேகியுங்கள். நுரையீரலுக்கு அது ஒவ்வாமையாகிவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே போதும், ஆஸ்துமா போல இழுக்கும்.

முகமூடியின் கரிமப்பொருள் வடிகட்டி எப்போது மாற்றியது, வெளிவிசிறி ஓடுகிறதா, கலப்பவர் கையுறை போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். வெட்டு மிச்சங்களை யாராவது பின்னால் எரிக்கிறார்களா என்றும் பாருங்கள். எரியும் பாலியூரித்தேன் புகையில் ஹைட்ரஜன் சயனைடு வரும்.

ஆனால் இவற்றைச் சரிசெய்துவிட்டு அந்த ஆளை மறுபடி கலக்க விடாதீர்கள். அன்றே வேலையிலிருந்து நிறுத்தி, நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஐசோசயனேட் என்ற பெயரை ஒரு சீட்டில் எழுதி, ரெசின் கேனோடு வந்த பாதுகாப்புத் தாளையும் எடுத்துக்கொண்டு போய் மருத்துவர் கையில் கொடுங்கள்.